மாந்தோப்பை அடமானம் வைத்து மகளை பி.இ. சேர்க்கலாமா?

கேள்வி: காவேரிப்பட்டணம் பக்கத்தில் மூன்று ஏக்கர் மாந்தோப்பு வைத்திருக்கிறேன். மகள் அரசுப் பெண்கள் பள்ளியில் பிளஸ் டூ, கணக்கு-கம்ப்யூட்டர் குரூப். ஐந்தாவது வரை மட்டும் தனியார் பள்ளியில் படித்தாள். அரையாண்டில் கணக்கு 82, இயற்பியல் 76, வேதியியல் 80. எங்கள் வீட்டில் யாரும் காலேஜ் போனதில்லை. இப்போதே 50,000 ரூபாயும் பத்தாம் வகுப்பு ஒரிஜினல் மார்க் ஷீட்டும் கொடுத்தால் பெங்களூரில் பி.இ. கம்ப்யூட்டர் சீட் உறுதி என்கிறார் ஒரு ஏஜெண்டு. வருடக் கட்டணம் 2.25 லட்சம், ஹாஸ்டல் 90,000. கையில் சீட்டு எடுத்த 2 லட்சம் இருக்கிறது. தோப்பின் பேரில் தெரிந்தவரிடம் இரண்டு வட்டிக்கு 3 லட்சம் வாங்கி, மனைவியின் 8 பவுனையும் அடகு வைக்கலாமா?

பதில்: வேண்டாம். அட்வான்ஸும் வேண்டாம், அடமானமும் வேண்டாம். மார்க் ஷீட்டை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கையை விட்டு இறக்காதீர்கள்.

உங்கள் தோப்பில் இப்போதுதான் பூ எடுத்திருக்கும். பூவிலேயே வியாபாரியிடம் விலை பேசி முன்பணம் வாங்கினால் கடைசியில் லாபம் யாருக்கு என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஏஜெண்டு கேட்பதும் அதே பேரம்தான். பரீட்சையே எழுதாத பிள்ளையின் சீட்டை இப்போதே பேசி முடிக்கப் பார்க்கிறார்.

நீங்கள் சொன்ன கட்டணத்தை நாலு வருடத்துக்குப் பெருக்கினால் 12 லட்சத்து 60 ஆயிரம். முதல் வருடமே 3.15 லட்சம் போய்விடும். கையிருப்பும் கடனும் சேர்ந்த 5 லட்சம் இரண்டாம் வருடத்தைத் தாண்டாது. அதற்குள் நகை அடகுக்குப் போயிருக்கும், மூன்றாம் வருடத்துக்குத் தோப்பைத்தான் பார்ப்பீர்கள். இரண்டு வட்டி என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. 3 லட்சத்துக்கு மாதம் 6,000. அவள் படித்து முடிப்பதற்குள் வட்டி மட்டுமே 2.88 லட்சம் கட்டியிருப்பீர்கள், அசல் அப்படியே நிற்கும். மாங்காய் விலை விழுகிற வருடத்தில் அந்த ஆறாயிரம் எங்கிருந்து வரும்?

உங்கள் கேள்வியில் போகிற போக்கில் இரண்டு விஷயம் எழுதியிருக்கிறீர்கள். பணம் அங்கேதான் இருக்கிறது. ஒன்று, மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டுக்கு ஆறு முதல் பன்னிரண்டு வரைதான் கணக்கு, அதற்கு முன்னால் தனியார் பள்ளியில் படித்தது தடையில்லை. 2021 முதல் பொறியியலுக்கும் இது உண்டு. இதில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாமே அரசின் பொறுப்பு. மற்றொன்று, வீட்டில் யாரும் பட்டதாரி இல்லை. 7.5-ல் கிடைக்காமல் பொதுக் கலந்தாய்வில் இடம் பிடித்தாலும் கல்விக் கட்டணத்தில் முதல் பட்டதாரி சலுகை வரும். பெரியப்பா மகன் டிகிரி முடித்திருந்தாலும் பரவாயில்லை. தாத்தா பாட்டி, பெற்றோர், கூடப் பிறந்தவர்களைத்தான் பார்ப்பார்கள். அது போக, புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் வங்கிக் கணக்குக்கே வரும்.

பெங்களூரு மேனேஜ்மென்ட் சீட்டுக்கு ஒதுக்கீடும் இல்லை, முதல் பட்டதாரி சலுகையும் இல்லை. ஏஜெண்டு இதைச் சொல்லியிருக்க மாட்டார்.

மதிப்பெண்ணைப் பார்ப்போம். கலந்தாய்வில் பார்க்கிற கட்-ஆஃப் 200-க்கு. கணக்கு முழுதாகவும் மற்ற இரண்டும் பாதியாகவும் சேரும்: 82 + 38 + 40 = 160. இயற்பியலில் பத்து மார்க் கூடினால் கட்-ஆஃப் ஐந்துதான் ஏறும், கணக்கில் கூடினால் பத்தும் ஏறும். 50,000 கொடுத்தே ஆக வேண்டும் என்று கை துறுதுறுத்தால், அதில் கொஞ்சம் எடுத்து மார்ச் வரை கணக்கு டியூஷனுக்குக் கொடுங்கள். உங்கள் மாவட்டத்திலேயே பர்கூரில் அரசுப் பொறியியல் கல்லூரி இருக்கிறது, தருமபுரி பக்கம் செட்டிக்கரையில் இன்னொன்று. இரண்டிலும் கம்ப்யூட்டர் பிரிவு உண்டு. விருப்பப் பட்டியலில் இரண்டையும் மேலே வையுங்கள்.

கட்-ஆஃப் ஏறவில்லை என்றால்? பேர் தெரியாத கல்லூரியில் பி.இ. படிப்பதைவிட கிருஷ்ணகிரி அரசு மகளிர் கலைக் கல்லூரியில் பி.எஸ்ஸி. நல்லது என்பது என் கருத்து. சொந்தக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும். கலைக் கல்லூரிக்கும் தனியாக விண்ணப்பித்து வையுங்கள்.

அப்படியும் பணம் குறைந்தால் வங்கிக் கல்விக் கடன். 4 லட்சம் வரை அடமானம் கேட்கக் கூடாது. படிக்கும் காலத்திலும் அதற்குப் பின் ஒரு வருடமும் தவணை கிடையாது. அந்தக் காலத்துக்குத் தனிவட்டிதான், வட்டிக்கு வட்டி ஏறாது. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்கல்வி படித்தால் அந்த வட்டியையும் மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கூட்டாகக் கையெழுத்து போடப் போவது நீங்கள்தான், அதனால் உங்கள் பழைய கடனையும் வங்கி பார்க்கும். டிராக்டர் கடன், பயிர்க்கடன் எதிலாவது தவணை பாக்கி இருந்தால் சீட்டுப் பணத்தில் அதை முதலில் அடைத்துவிடுங்கள். மீதியை ஜூனுக்குள் முடிகிற டெபாசிட்டில் போடுங்கள். ஜூனில் எடுக்க வேண்டிய பணத்தை மியூச்சுவல் ஃபண்டில் போடச் சொல்லி யார் வந்தாலும் கேட்காதீர்கள். நகை வீட்டிலேயே இருக்கட்டும்.

மார்க் ஷீட் விஷயத்துக்கு வருகிறேன். பாலக்கோடு பக்கத்துக் குடும்பம் ஒன்று இப்படித்தான் ஒரிஜினலைக் கொடுத்துவிட்டது. பையனுக்குக் கலந்தாய்வில் நல்ல இடம் கிடைத்தும், சான்றிதழை வாங்க நான்கு முறை அலைந்தார்கள். கொடுத்த 40,000 வரவேயில்லை. ஒரிஜினலைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சொல்லியிருக்கிறது. ஆனால் ரசீது கூடத் தராத இடைத்தரகரிடம் அதைப் பேசிப் பயனில்லை.

கலந்தாய்வு விண்ணப்பம் வழக்கமாக மே மாதம் திறக்கும், அப்போது தாலுகா ஆபீசில் கூட்டம் அலைமோதும். அதனால் இந்த மாதமே இ-சேவை மையத்தில் வருமானச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று இரண்டுக்கும் எழுதிப் போடுங்கள். சாதிச் சான்றில் மகள் பெயரின் இனிஷியலும் எழுத்தும் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்ததற்கான சான்றைப் பற்றித் தலைமை ஆசிரியரிடம் இப்போதே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.