மலையில் ஆளைத் தேடப் போனோம், திருப்பி அனுப்பிவிட்டார்கள்

கேள்வி: மலையேறிப் பழகிய ஆறு நண்பர்கள் நாங்கள். போன மாதம் பக்கத்து மலையில் ஒருவர் வழிதவறியபோது தேட ஓடினோம். அடிவாரத்திலேயே தடுத்துவிட்டார்கள். அடுத்த முறை எங்களையும் சேர்த்துக்கொள்ள என்ன செய்ய வேண்டும்?
– வாசகர், தேனி மாவட்டம்

பதில்: கோபம் புரிகிறது. ஆனால் ஆறு பேர் ஏறினால் தொலைந்தவரின் காலடித்தடம் உங்கள் தடங்களுக்குள் மறைந்துபோகும். காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைவது குற்றமும்கூட.

ஆள் தொலையும்வரை காத்திருக்காமல் இப்போதே வனச்சரக அலுவலகத்திலும் தீயணைப்பு நிலையத்திலும் பெயர், கைபேசி எண், ரத்த வகை, பழகிய வழித்தடங்களை எழுதிக் கொடுங்கள். ஆட்சியர் அலுவலகப் பேரிடர் மேலாண்மைப் பிரிவில் 'ஆப்த மித்ரா' தன்னார்வலர் பயிற்சி பற்றி விசாரியுங்கள். கயிற்றில் ஏறி இறங்கத் தெரியாதென்றால் தெரியாது என்றே எழுதுங்கள். 2022 பிப்ரவரியில் பாலக்காடு மலம்புழா அருகே பாறை இடுக்கில் சிக்கிய இளைஞர் இருக்குமிடம் முதல் நாளே தெரியும். அவரை மீட்க 40 மணி நேரத்துக்கு மேலானது. கடைசியில் ராணுவ வீரர்கள்தான் கயிற்றில் இறங்கினார்கள்.

கூப்பிட்டால், அவரைக் கடைசியாகப் பார்த்த இடம், நேரம், காலணியின் அடிப்பாகம் எப்படியிருக்கும் என்று கேட்டுக்கொண்டே கிளம்புங்கள். முதலில் பார்க்க வேண்டியவை பாதை பிரியும் இடங்களும் ஓடைகளும். வழிதவறியவர்கள் பலரும் 'தண்ணீர் ஊருக்குத்தான் போகும்' என்று ஓடையோடு இறங்குவார்கள். அருவித் தலைப்பில் ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் மாட்டிக்கொள்வார்கள். ஒரு குழுவுக்கு மூன்று நான்கு பேர் போதும். ஒருவர் ஜிபிஎஸ்ஸில் தடத்தைப் பதிவு செய்யட்டும். அடிக்கடி நின்று பின்னால் திரும்பிப் பாருங்கள். ஏறும்போது பாறை மறைத்த ஆள் மேலிருந்து தெரிவார். விசில் ஊதியபின் ஒரு நிமிடம் யாரும் மூச்சுவிடக் கூடாது. இதில்தான் எல்லாரும் கோட்டைவிடுவார்கள்: ஊதிவிட்டுப் பேச ஆரம்பித்துவிடுவார்கள், பதில் குரல் கேட்காது.

வரிசையாக நின்று காட்டைச் சலிக்கும்போது ஆளுக்கு ஆள் இடைவெளியைப் புதர்தான் தீர்மானிக்கும். தரையில் ஒரு தொப்பியைப் போட்டு, அது கண்ணுக்கு மறையும்வரை நகர்ந்து பார்த்து அளவெடுங்கள். உண்ணிச்செடிப் புதரில் அது சில அடிதான் வரும். மெதுவாக நடப்பவரின் வேகமே வரிசையின் வேகம்.

தண்ணீர் பாட்டிலோ துணியோ கிடைத்தால் தொடாதீர்கள். பக்கத்தில் நாடா கட்டி, படமெடுத்து, இடத்தையும் நேரத்தையும் சொல்லிவிட்டுச் சுற்றிப் போங்கள். ஆளுக்கு 3 லிட்டர் தண்ணீர், தலைவிளக்கு, மாற்று பேட்டரி, மழைக்கோட்டு, அட்டை கடிக்காமலிருக்கக் காலுறை வேண்டும். வேட்டைத் தடுப்புக் காவலர் 'யானை நிக்குது, திரும்புங்க' என்றால் விவாதமே வேண்டாம்.

ஆள் கிடைத்ததும் தூக்கி நடக்க வைக்காதீர்கள். ஈரத் துணியை மாற்றி, மேலே போர்த்துவதோடு அடியிலும் எதையாவது விரியுங்கள். குளிர் தரையிலிருந்துதான் ஏறும். முழு நினைவோடு, விழுங்கும் நிலையில் இருந்தால் மட்டும் சர்க்கரை போட்ட வெதுவெதுப்பான பானம். சாராயம் கூடவே கூடாது.

ஆள் கிடைக்காமல் இறங்கினாலும் நீங்கள் கொண்டுவரும் தகவல் முக்கியம். எந்தப் புதருக்குள் நுழைய முடியவில்லை என்பதை வரைபடத்தில் காட்டிச் சொல்லுங்கள். 'எல்லாம் பார்த்தாச்சு' என்று வீறாப்பாகச் சொன்னால் அந்த இடத்தைத் தேட வேண்டிய பட்டியலிலிருந்து அடித்துவிடுவார்கள். மறுநாள் யாரும் அங்கே போக மாட்டார்கள்.