அப்பாவின் நுரையீரல் பாக்டீரியா: ஆன்டிபயாடிக்கை நிறுத்தலாமா?

வணக்கம் சகோதரி. நுரையீரல் புற்றுநோய்க்கு உங்கள் அப்பாவுக்கு அடுத்த வாரம் இம்யூனோதெரபி, அதாவது உடலின் எதிர்ப்புச் சக்தியைக் கொண்டே புற்றுநோயைத் தாக்கும் சிகிச்சை. இருமலுக்குப் பலதுறை மருந்தகத்தில் ஆன்டிபயாடிக் கொடுத்திருக்கிறார்கள். அதை நிறுத்தலாமா, புரோபயாடிக் (நல்ல பாக்டீரியா உள்ள மாத்திரை) வாங்கலாமா, சளியிலுள்ள பாக்டீரியாவைப் பரிசோதிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள்.

முதலில், நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சிகிச்சை தொடங்கும் சமயத்தில் ஆன்டிபயாடிக் எடுத்தவர்களுக்கு இம்யூனோதெரபி குறைவாகப் பலன் தந்ததாகப் பல ஆய்வுகள் சொல்வது உண்மைதான். ஆனால் அவர்கள் ஏற்கெனவே அதிகம் நோயுற்றிருந்ததும் காரணமாக இருக்கலாம். கவனிக்காமல் விட்ட நிமோனியா அதைவிட ஆபத்து. இன்றே புற்றுநோய் மருத்துவரின் தாதியை அழைத்து, மருந்தின் பெயரையும் தொடங்கிய நாளையும் சொல்லுங்கள்.

புரோபயாடிக் வேண்டாம். 2021இல் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் பற்றி வந்த ஆய்வில், கடையில் விற்கும் புரோபயாடிக் கொடுத்த எலிகளுக்கு இம்யூனோதெரபி சரியாக வேலை செய்யவில்லை. அப்பா சாப்பிட முடிந்தால் பருப்பு, கீரை, பழம் கொடுங்கள்.

நுரையீரலில் கிருமியே இல்லை என்றுதான் முன்பு நினைத்தார்கள். இப்போது, வாயில் வாழும் வெய்லனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் தூக்கத்தில் எச்சிலோடு உள்ளே இறங்குவதும், புற்றுநோயாளிகளின் மூச்சுக்குழாயில் அதிகம் காணப்படுவதும் தெரிகிறது. எலிகளில் அது கட்டியை வளர்த்தது. ஆனாலும் நோயை உறுதிசெய்ய சிடி ஸ்கேனும் பயாப்சியும் (திசுவை எடுத்துச் செய்யும் பரிசோதனை) தான். தனியார் சளிப் பரிசோதனைக்குப் பணம் கட்டாதீர்கள், அதை வைத்து மருத்துவர் சிகிச்சையை மாற்றப்போவதில்லை.

அப்புறம், காய்ச்சல் 38 டிகிரியைத் தொட்டாலோ மூச்சு வாங்கினாலோ காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். மருத்துவர் சொன்னதை இங்கே எழுதுங்கள் சகோதரி.