ஊட்டித் தைலம்: யாருக்கு, எத்தனை சொட்டு, அசலா போலியா?

கேள்வி: ஊட்டி போனபோது 100 மி.லி. நீலகிரித் தைலம் வாங்கினோம். கடைக்காரர் சொன்னார் என்று வலிக்கு ஒரு சின்ன பாட்டில் விண்டர்கிரீன் ஆயிலும் வாங்கினோம். 4 வயது மகனுக்கு அடிக்கடி சளி பிடிக்கிறது. ஆவி பிடிக்க எத்தனை சொட்டு விடலாம்? சூடம் போட்டுக் காய்ச்சிய தேங்காய் எண்ணெயோடு கலந்து நெஞ்சில் தேய்க்கலாமா? 68 வயது மாமியாருக்கு மூட்டு வலி. இதயத் துடிப்பு சீராக இல்லை என்று, ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார். அவருக்குத் தைலத்தை நேரடியாகத் தேய்க்கலாமா? வாங்கியது அசல்தானா என்று வீட்டிலேயே பார்க்க வழி உண்டா?

பதில்: முதலில் அவசரமான இரண்டைச் சொல்லிவிடுகிறோம். விண்டர்கிரீன் பாட்டிலை இன்றே குழந்தைக்கு எட்டாத இடத்தில் பூட்டி வையுங்கள், மாமியாருக்கு அதைத் தேய்க்கவே வேண்டாம். மகனுக்குச் சூடம் கலந்த எண்ணெயும் வேண்டாம், ஆவியும் வேண்டாம். காரணங்களைக் கீழே பாருங்கள்.

நீலகிரியில் தைலம் காய்ச்சுவது யூகலிப்டஸ் குளோபுலஸ் என்ற மரத்தின் இலையிலிருந்து. 19ஆம் நூற்றாண்டில் விறகுத் தட்டுப்பாட்டைப் போக்க ஆங்கிலேயர் ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து நட்டது இது. ஏறத்தாழ 100 கிலோ இலையை நீராவியில் வடித்தால் 1 கிலோ தைலம் கிடைக்கும். அதில் பெரும்பங்கு சினியோல் என்ற ஒரே சேர்மம். மருந்துத் தரத் தைலத்தில் இது 70 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. மீதி ஆல்ஃபா பைனீன், லிமோனீன் போன்றவை. ஒருமுறை மட்டும் வடித்த கச்சாத் தைலத்தில் தொண்டையை அரிக்கும் ஆல்டிஹைடுகளும் கொஞ்சம் தங்கியிருக்கும். மறுபடி வடித்தால் அவை போய்விடும். மூடியைத் திறந்து லேசாக முகர்ந்ததுமே சுள்ளென்று இருமல் வந்தால், உங்களுடையது மறுவடிப்புச் செய்யாத தைலமாக இருக்கலாம்.

சினியோல் என்ன செய்கிறது? மூக்கிலுள்ள, குளிரை உணரும் நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. மூக்கு திறந்துகொண்டது போன்ற உணர்வு வருவது பெரும்பாலும் அதனால்தான். இதே வேலையை இன்னும் பலமாகச் செய்யும் மெந்தாலை வைத்துச் சோதித்தபோது, 'நன்றாக மூச்சு விட முடிகிறது' என்று ஆட்கள் சொன்னார்களே தவிர, மூக்கின் காற்றோட்டத்தைக் கருவியால் அளந்தால் கூடவில்லை. அதற்காகச் சினியோலை வெறும் வாசனைப் பொருள் என்று தள்ளவும் முடியாது. ஜெர்மனியில் சைனஸ் அழற்சி உள்ள பெரியவர்களுக்குச் சுத்தமான சினியோலை 200 மி.கி. கேப்சூலாக நாளுக்கு மூன்று வேளை கொடுத்துச் சோதித்ததில் நல்ல பலன் தெரிந்தது. ஆனால் அது குடலில் போய்க் கரையும்படி உறையிட்டு, அளந்து கொடுத்த மருந்து. பாட்டில் தைலத்தைச் சர்க்கரையில் இரண்டு சொட்டு விட்டுச் சாப்பிடும் வீட்டு வழக்கத்துக்கு அந்தச் சோதனை அனுமதிச் சீட்டு ஆகாது.

இனி ஆவி பிடிப்பது, 12 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும். அரை லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, பாத்திரத்தை ஆடாத மேசைமேல் வையுங்கள். இரண்டு நிமிடம் கழித்து 2 சொட்டு, மிஞ்சினால் 3 சொட்டு விடுங்கள். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தை ஓர் அடி உயரத்தில் வைத்து, 5 நிமிடம் போதும்.

பத்துச் சொட்டு விட்டால் பத்து மடங்கு பலன் என்று நினைப்பதுதான் இங்கே பெரிய தவறு. தைலம் தண்ணீரில் கரையாது. மேலே படலமாக மிதக்கும். நீராவியோடு சேர்ந்தால் அது முதல் ஓரிரு நிமிடத்திலேயே பெரும்பாலும் பறந்துவிடும். இலையிலிருந்து தைலம் வடிப்பதே இந்தக் குணத்தை வைத்துத்தான். பத்துச் சொட்டும் ஒரே வீச்சில் முகத்தில் அடித்தால் கண் எரியும், தொண்டை இறுகும், இருமல் வரும். அதன்பிறகு பாத்திரத்தில் மிஞ்சுவது வெறும் வெந்நீர். அடுப்பு எரியும்போது தைலம் விடுவதும் கூடாது. சுமார் 48 டிகிரி வெப்பத்திலேயே இதன் ஆவி தீப்பற்றக் கூடியது.

மின்சார ஆவிக் கருவி வைத்திருந்தால் அதன் தண்ணீரில் தைலத்தை ஊற்றாதீர்கள். பல வகைப் பிளாஸ்டிக்கை இது இளக்கி விரிசல் விடச் செய்யும். நெபுலைசரில் ஊற்றவே கூடாது. அது எண்ணெயை நுண்துளிகளாக நேரே நுரையீரலுக்குள் இறக்கிவிடும். இழுப்பு (ஆஸ்துமா) உள்ளவர்களும் வலிப்பு வந்தவர்களும் இந்த ஆவியையே தவிர்க்க வேண்டும். முன்பு வலிப்பே வராத பெரியவர்களுக்கும் யூகலிப்டஸ், கற்பூரத் தைலங்களை முகர்ந்தோ பூசியோ வலிப்பு வந்ததைப் பெங்களூரு நரம்பியல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அரிதுதான், ஆனாலும் 'மூலிகைதானே' என்று அளவில்லாமல் பூசுகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி.

தைலத்துக்குப் பதில் இலையைப் போட்டு வேது பிடிக்கலாமா என்று கேட்பவர்களும் உண்டு. மலையில் பறித்த குளோபுலஸ் இலை 20 கிராமில் மொத்தமே 0.2 மி.லி. தைலம்தான் இருக்கும். அதுவும் மெல்ல மெல்லத்தான் வெளியேறும். ஒரு வகையில் பாட்டிலைவிட இது பாதுகாப்பானது. சமவெளியில் காகிதக்கூழுக்கு வளர்க்கும் தைலமரங்கள் வேறு இனம், அவற்றில் தைலமும் சினியோலும் எவ்வளவு என்று கணக்கே சொல்ல முடியாது.

மகனுக்கு வருவோம். 4 வயதுக் குழந்தையைக் கொதிநீர்ப் பாத்திரத்தின்முன் போர்வைக்குள் உட்காரவைத்தால், ஒரு கையசைவில் பாத்திரம் மடியில் கவிழும். சளியால் வரும் தொல்லையைவிட அந்தத் தீக்காயம் பல மடங்கு பெரியது. தைலமும் சிறுவர்களைப் பெரியவர்களைவிடச் சீக்கிரம் தாக்குகிறது. ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. விழுங்கினாலே குழந்தைக்கு மயக்கமும் மூச்சுத் தளர்வும் வரலாம். கற்பூரம் இதைவிட மோசம். சின்னக் குழந்தைக்கு ஒரு கிராமுக்குக் குறைவான கற்பூரமே வலிப்பை உண்டாக்கி உயிருக்கு ஆபத்தாகலாம். பூசைச் சூடத்தை அளவு தெரியாமல் எண்ணெயில் கரைத்து நெஞ்சில் தேய்க்கும்போது எவ்வளவு தோலுக்குள் போகிறது, கையில் ஒட்டியதில் எவ்வளவு வாய்க்குப் போகிறது என்று யாருக்கும் தெரியாது. 2 வயதுக்குட்பட்ட குழந்தையின் மூக்கருகே மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எதையுமே கொண்டுபோகக் கூடாது. குரல்வளை சட்டென்று இறுகி மூச்சு தடைபடலாம்.

மகனுக்குச் செய்ய வேண்டியது எளியது. மருந்துக் கடையில் கிடைக்கும் சலைன் மூக்குச் சொட்டு மருந்தைச் சாப்பாட்டுக்கும் தூக்கத்துக்கும் முன்னால் ஒவ்வொரு துளையிலும் 2 சொட்டு விடுங்கள். இரவு இருமலுக்கு அரைத் தேக்கரண்டித் தேன் கொடுக்கலாம் (ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேனே ஆகாது). குழந்தை அமைதியாக இருக்கும்போது ஒரு நிமிடம் முழுக்க மூச்சை எண்ணிப் பாருங்கள். 1 முதல் 5 வயது வரை 40 அல்லது அதற்கு மேல் வந்தாலோ, மூச்சிழுக்கையில் விலாவுக்குக் கீழே உள்வாங்கினாலோ உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

மாமியாரின் மூட்டுக்கு நீலகிரித் தைலத்தைப் பயன்படுத்தலாம், நேரடியாக மட்டும் வேண்டாம். 50 மி.லி. நல்லெண்ணெயில் 1.5 மி.லி. தைலம் கலந்தால் 3 சதவீதம், அது போதும். சொட்டு எண்ணிக் கலந்தால் அளவு பிசகும். பாட்டில் வாய்க்கு ஏற்ப 1 மி.லி.க்கு 20 சொட்டும் வரலாம், 30 சொட்டும் வரலாம். ஊசியில்லாத 2 மி.லி. சிரிஞ்ச் வாங்கி அளந்துவிட்டு, அதைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். ரப்பர் அடைப்பு ஊறி உப்பிவிடுவதால் அடுத்த முறை அளவு தப்பும். எண்ணெயைச் சூடாக்கித் தேய்ப்பது உங்கள் வழக்கமென்றால், முதலில் நல்லெண்ணெயை மட்டும் வெதுவெதுப்பாக்கி இறக்கி, பிறகு தைலத்தைக் கலக்குங்கள். முழங்கையின் உட்புறத்தில் ஒரு துளி தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு, அரிப்போ சிவப்போ இல்லையென்றால் மூட்டுக்குப் போகலாம்.

தேய்த்தபின் அதன்மேல் வெந்நீர்ப் பை வைப்பதும், இறுக்கமாகத் துணி சுற்றுவதும்தான் தோல் வெந்துபோவதற்கு வழக்கமான காரணம். சூட்டிலும் மூடிய தோலிலும் தைலம் கூடுதலாக உள்ளே இறங்கும். ஒத்தடம் வேண்டுமென்றால் அதைக் காலையில் வைத்துக்கொண்டு தைலத்தை இரவில் தேய்க்கச் சொல்லுங்கள். சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் பாதத்தில் தடவ வேண்டாம், எரிந்தாலும் அவர்களுக்குத் தெரியாது. இந்தத் தைலம் மூட்டுத் தேய்மானத்தைச் சரிசெய்யாது. தோலில் உண்டாகும் குளிர்ச்சியும் எரிச்சலும் வலி உணர்வைக் கொஞ்ச நேரம் மறைக்கும், அவ்வளவுதான்.

விண்டர்கிரீன் ஆயில் முற்றிலும் வேறு சரக்கு. அது ஏறக்குறைய முழுக்க மெத்தில் சாலிசிலேட், அதாவது ஆஸ்பிரினின் உறவுக்காரன். ஒரு தேக்கரண்டியில் 20க்கும் மேற்பட்ட 325 மி.கி. ஆஸ்பிரின் மாத்திரைகளுக்குச் சமமான சாலிசிலேட் இருக்கிறது. ஒரு குழந்தையின் உயிரைப் பறிக்க அது போதும், மணமோ மிட்டாய் போல இனிப்பாக இருக்கும். தோல் வழியாகவும் ரத்தத்தில் சேர்ந்து வார்ஃபரினின் வேகத்தைக் கூட்டி, ரத்தக்கசிவு வரை கொண்டுபோகும். மாமியார் ஏற்கெனவே தேய்த்துக்கொண்டிருந்தால், புதிதாகக் கன்றிப்போன தழும்போ ஈறில் ரத்தமோ இருக்கிறதா என்று பாருங்கள், மருத்துவரிடமும் சொல்லுங்கள். கடையில் வாங்கும் பல வலி நிவாரணக் களிம்புகளிலும் இதே சேர்மம் உண்டு. உறையில் மெத்தில் சாலிசிலேட் என்று இருந்தால் அவருக்கு அது வேண்டாம்.

அசலா என்று பார்க்க ஒரு சோதனை போதாது, இரண்டு வேண்டும். வெள்ளைத் தாளில் ஒரு சொட்டு விட்டு மின்விசிறிக்கடியில் ஓர் இரவு வையுங்கள். நல்ல தைலம் கறையின்றிப் பறந்துவிடும். தேங்காய் எண்ணெயோ விளக்கெண்ணெயோ கலந்திருந்தால் கண்ணாடி போன்ற எண்ணெய்த் திட்டு நிற்கும். ஆனால் கலப்படம் டர்பன்டைன் என்றால் அதுவும் பறந்துவிடும், தாள் ஏமாந்துபோகும். அதற்குத்தான் எடை. 10 மி.லி. சிரிஞ்சால் 5 முறை அளந்து 50 மி.லி. தைலத்தைச் சிறிய கண்ணாடிக் குவளையில் ஊற்றி, குவளையின் எடையைக் கழித்துப் பாருங்கள். நம்மூர் வெப்பநிலையில் 45 முதல் 46 கிராம் வர வேண்டும். டர்பன்டைன் மட்டும் என்றால் 43ஐ ஒட்டி நிற்கும், மண்ணெண்ணெய் இன்னும் குறையும். தேங்காய் எண்ணெயின் எடையோ தைலத்தின் எடைதான், ஆக எடைச் சோதனையை அது ஏமாற்றும், தாளில் மாட்டிக்கொள்ளும். டர்பன்டைனோடு விளக்கெண்ணெய் சேர்த்து எடையைச் சரிக்கட்டியிருந்தாலும் தாள் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டதும் பால் போல வெளுத்தால் அது துப்புரவுக்கான கலவை, உடம்புக்கு ஆகாது. எலுமிச்சை மணம் தூக்கலாக இருந்தால் அது வேறு இன யூகலிப்டஸ். அதன் சரக்கு சிட்ரோனெல்லால், சளிக்குப் பயனில்லை. இந்தச் சோதனைகளில் தேறினாலும் சினியோல் எத்தனை சதவீதம் என்று வீட்டில் அளக்க முடியாது. அடுத்த முறை தாவரப் பெயரும் தொகுதி எண்ணும் ஐ.பி. (இந்திய மருந்துத் தர நூல்) அல்லது பி.பி. (பிரிட்டிஷ் மருந்துத் தர நூல்) என்ற தரக் குறியும் உள்ள பாட்டிலாக வாங்குங்கள்.

யாராவது விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் கொடுக்காதீர்கள். வாந்தி வரும் வழியில் தைலம் நுரையீரலுக்குள் போனால் வேதிப்பொருளால் நிமோனியா வரும். குழந்தை தெளிவாக இருப்பது போலத் தோன்றினாலும் 108ஐ அழைத்து, பாட்டிலையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போங்கள். அரை மணி நேரத்துக்குள்ளேயே மயங்கிவிடலாம். கண்ணில் பட்டால் தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, கண் மருத்துவரைப் பாருங்கள்.

பெரிய பாட்டிலை அப்படியே வைத்துப் பல ஆண்டு புழங்குவதைவிட, பழுப்பு நிறக் கண்ணாடிக் குப்பிகளில் விளிம்புவரை நிரப்பி, அடுப்பும் வெயிலும் இல்லாத இடத்தில் வைப்பது நல்லது. பாதி காலியான பாட்டிலில் காற்றுப் பட்டுப் பைனீனும் லிமோனீனும் ஆக்சிஜனேற்றம் அடையும். அப்படி ஆன தைலம்தான் தோலில் ஒவ்வாமையைக் கிளப்புகிறது. திறந்து இரண்டு ஆண்டு ஆனதை, கெட்டியாகி ஓரத்தில் பிசின் கட்டியதை, தோலில் பூச வேண்டாம். எவர்சில்வர் பாத்திரத்தில் ஒட்டிய ஸ்டிக்கர் பசையை எடுக்க அது நன்றாகவே உதவும்.