கிராமப் பள்ளிக்கூடம் மூலமாகக் குறைந்த செலவில் நல்ல குடிநீர் கொடுக்க முடியுமா?

முடியும். ராஜஸ்தானில் அஜ்மீர் மாவட்டத்துத் திலோனியாவில் இருக்கிற பேர்ஃபுட் கல்லூரி என்ற தொண்டு நிறுவனம் இதைப் பல வருடங்களாகச் செய்துவருகிறது. அந்தப் பக்கம் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் ஒரே உப்பு, அளவு மிஞ்சினால் பல்லையும் எலும்பையும் கெடுக்கும் ஃபுளோரைடும் அதிகம் (கொதிக்கவைத்தால் ஃபுளோரைடு போகாது, தண்ணீர் வற்ற வற்ற அதன் அளவு கூடத்தான் செய்யும்), அதனால் பள்ளிக்கூடக் கூரையில் விழும் மழையைக் குழாய் வழியாக இறக்கி, உள்ளூர் ஆட்களை வைத்தே கட்டிய நிலத்தடித் தொட்டியில் சேர்க்கிறார்கள்.

கணக்கு எளிது. ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை பெய்தால் 1 லிட்டர். 100 சதுர மீட்டர் கூரை, வருடத்துக்கு 500 மி.மீ. மழை, வீணாவது ஐந்தில் ஒரு பங்கு போனாலும் 40,000 லிட்டர் மிஞ்சும். 100 பிள்ளைகளுக்கு ஆளுக்கு 2 லிட்டர் வீதம் 200 நாள் குடிக்கலாம்! குடம் தூக்கப் போவதால் வகுப்பைத் தவறவிடும் பெண்பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்.

பெரிய கூரை, பொது இடம், இரண்டும் பள்ளிக்கூடத்தில்தான் சேர்ந்து கிடைக்கும். ஆனால் ஊர் முழுக்கக் குளிக்கவும் துவைக்கவும் இது போதாது, குடிக்க மட்டும்தான்.

அப்புறம் பராமரிப்பு. மழைக்காலத்துக்கு முன்னால் கூரையைக் கூட்ட வேண்டும், முதல் மழைத் தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும், குளோரின் போட வேண்டும். தொட்டிக்குள் வாளியை விடவே கூடாது, கைப்பம்பு வைத்துவிடுங்கள்.