கடிகாரம் இல்லாத யோசனை

அன்புள்ள ஐயா,

பொதுத்துறை வங்கி ஒன்றின் கடன் பிரிவில் கிளார்க்காக இருக்கிறேன். எதையும் அளவுக்கு மீறி யோசிப்பது என் வியாதி. மேலாளர் வாட்ஸ்அப்பில் 'சரி' என்று மட்டும் பதில் போட்டால், அதில் கோபம் இருக்கிறதா என்று இரவெல்லாம் புரண்டுகொண்டிருப்பேன். இப்போது அதிகாரியாகப் பதவி உயர்வு வந்திருக்கிறது. ஏற்றால் நாக்பூர் போக வேண்டும், அம்மா தனியாகிவிடுவார். மறுத்தால் பின்னால் வருந்துவேனோ என்று பயம். அதிகம் யோசிப்பவர்கள் உண்மையில் அறிவாளிகள், அது ஒரு வரம் என்று எங்கோ படித்தேன். இந்தப் பழக்கத்தை விரட்டாமல், நல்லவிதமாகப் பயன்படுத்திக்கொள்ள வழி உண்டா?

ம., திண்டுக்கல்

அன்புள்ள ம.,

சதுரங்கக் கடிகாரத்தின் வரலாற்றைப் பற்றிக் குறிப்பெடுத்துக்கொண்டிருந்த வாரத்தில் உங்கள் மின்னஞ்சல் வந்தது. இந்தப் பதிலுக்கு அதுதான் காரணம்.

முதலில் இரண்டைத் தள்ளிவிடுகிறேன். அறிவாளிகள்தான் அதிகம் யோசிப்பார்கள் என்பது தூக்கம் வராதவர்களைக் குஷிப்படுத்த யாரோ எழுதியது. முட்டாள்களும் விடிய விடிய யோசிக்கிறார்கள். சிலரை எனக்கே தெரியும். மேலாளர் 'சரி' என்றால் சரி என்றுதான் பொருள். அவருக்கு அப்போது பஸ் வந்திருக்கும்.

எனக்கு உறுத்தியது வேறு. இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறேன். நீங்கள் எழுதியது நாலு பக்கம். பதவி உயர்வை ஏற்க ஒன்பது காரணம், மறுக்கப் பதினொன்று, அம்மாவின் முழங்கால் வலி, நாக்பூர் வெயில் எல்லாம் இருக்கிறது. சம்மதம் சொல்லக் கடைசித் தேதி எது என்பது மட்டும் இல்லை. வங்கி தேதி குறிக்காமல் இருக்காது. இருபது காரணங்களை எண்ணத் தெரிந்தவருக்கு அந்த ஒரு தேதியை எழுதத் தோன்றவில்லை. இதற்காகத்தான் உங்களைத் திட்ட வேண்டும்.

1851இல் லண்டனில் நடந்த சர்வதேசச் சதுரங்கப் போட்டியில் கடிகாரம் கிடையாது. எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் யோசிக்கலாம். எலைஜா வில்லியம்ஸ் என்பவர் அப்படித்தான் யோசித்தார். எதிரே உட்கார்ந்திருந்த ஹோவர்ட் ஸ்டான்டன் நொந்துபோனார், அவரிடமே தோற்கவும் செய்தார், பிறகு அந்த மந்த ஆட்டத்தைப் பற்றிப் புலம்பி எழுதினார். 1861இல் மணற்கடிகாரம் வைத்துப் பார்த்தார்கள். 1883 லண்டன் போட்டியில்தான் ஆளுக்கொன்றாக இரண்டு கடிகாரங்களை இணைத்த கருவி மேசைக்கு வந்தது. அன்றிலிருந்து, நேரம் தீர்ந்தால் எவ்வளவு பெரிய மூளையும் எழுந்து கைகுலுக்க வேண்டியதுதான்.

எங்கள் ஊர் நூலக மாடியில் ஞாயிறுதோறும் ஆட்டம் நடக்கும். தபால்துறையில் வேலை பார்த்த ஓர் அண்ணன் வருவார். மரப்பெட்டிக் கடிகாரம். நிமிட முள் 12ஐ நெருங்கும்போது அங்கே தொங்கும் சிறிய சிவப்புத் தகட்டை மெல்லத் தூக்கும். கொடி என்போம். கடைசி ஓரிரு நிமிடம் அது படுக்கைவாக்கில் நிற்கும். முள் தாண்டியதும் டக்கென்று விழும். அண்ணனின் கொடி விழாத ஞாயிறு அபூர்வம். ஆட்டம் பாதி போவதற்குள் அவருடைய நேரம் முழுக்கத் தீர்ந்திருக்கும். தோற்றபிறகு காய்களைப் பழையபடி அடுக்கி, தான் பார்த்ததையெல்லாம் காட்டுவார். குதிரையை இங்கே வைத்தால் அவன் யானையை அங்கே இழுப்பான், அப்போது இந்தச் சிப்பாயைத் தள்ளினால் என்று போய்க்கொண்டே இருக்கும். எல்லாம் சரியாகவும் இருக்கும். ஜெயித்தவன் கண்ணில் படாததெல்லாம் தோற்றவர் கண்ணில் பட்டிருக்கும். சிறுவர்களாகிய நாங்கள் வாய்பிளந்து கேட்போம். அவருக்கும் அதில் ஒரு பெருமை. "ஆட்டத்தில் நான் தோற்கவில்லை, நேரத்தில்தான் தோற்றேன்" என்பார். நூலகர் ஒருநாள் பொறுக்கமாட்டாமல், "நேரமும் ஆட்டத்தில் சேர்த்திதான் தம்பி. அதற்குத் தனிப் பலகை போட முடியாது" என்றார். அண்ணன் அதன்பிறகு கொஞ்ச நாள் அந்தப் பக்கமே வரவில்லை.

அந்தப் பெருமை உங்களுக்கும் இருக்கிறது. வியாதி என்று எழுதுகிறீர்கள்; வரம் என்று யாராவது சொல்லமாட்டார்களா என்று காத்திருக்கிறீர்கள். நான் சொல்லமாட்டேன்.

பெரிய ஆட்டக்காரர்களும் இதில் தப்பியதில்லை. ஜெர்மனியின் கிராண்ட்மாஸ்டர் ஃபிரிட்ரிக் சாமிஷ், 1969இல் ஸ்வீடனில் ஒரு போட்டியில் ஆடிய 13 ஆட்டங்களையும் நேரம் தீர்ந்தே தோற்றார். 2024இல் சிங்கப்பூரில் குகேஷுடன் மோதிய அப்போதைய உலகச் சாம்பியன் டிங் லிரனுக்கு மூன்றாவது ஆட்டத்தின் 37ஆவது நகர்த்தலில் நேரம் தீர்ந்தது. நிலைமை ஏற்கெனவே கைமீறியிருந்தது என்பது வேறு விஷயம்.

இதில் ஒரு வகையைச் சோவியத் கிராண்ட்மாஸ்டர் அலெக்சாண்டர் கோட்டவ் அழகாக எழுதியிருக்கிறார். இரண்டு நகர்த்தல்களில் எது நல்லது என்று ஒருவன் அரை மணி நேரம் மாறிமாறிக் கணக்குப் போடுவான். இரண்டிலும் ஏதோ ஒரு குறை. கடிகாரத்தைப் பார்த்துப் பதறி, கொஞ்சமும் ஆராயாத மூன்றாவது நகர்த்தல் ஒன்றைச் சட்டென்று ஆடிவிடுவான். ஆட்டம் அதோடு போச்சு. நீங்களும் அதைத்தான் செய்யப்போகிறீர்கள். நாலு பக்கம் யோசித்துவிட்டு, கடைசி நாள் சாயங்காலம் பெரியம்மா போனில் சொன்னதைக் கேட்டுக் கையெழுத்துப் போடுவீர்கள்.

முன்னாள் உலகச் சாம்பியன் மிகயீல் டால் சொன்ன நீர்யானைக் கதை தெரியுமா? 1964-65 சோவியத் சாம்பியன் போட்டி, எதிரே வாசியுகோவ். குதிரையைப் பலிகொடுக்கலாமா என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்த டாலின் மண்டைக்குள், சதுப்பில் சிக்கிய நீர்யானையை இழுப்பது பற்றிய குழந்தைப் பாட்டு ஒன்று நுழைந்துவிட்டது. ஜாக்கி வைக்கலாமா, நெம்புகோல் போடலாமா, ஹெலிகாப்டரை வரவழைக்கலாமா என்று ஆராய்ந்தார். ஒரு வழியும் தெரியவில்லை. மூழ்கித் தொலையட்டும் என்று விட்டார். அதோடு மற்றக் கணக்குகளும் போய்விட்டன. மனம் சொன்னபடி குதிரையைப் பலிகொடுத்து, ஜெயித்தும்விட்டார். டால் 40 நிமிடம் ஆழ்ந்து யோசித்துத் துல்லியமாகக் கணக்கிட்ட பலி என்று மறுநாள் பத்திரிகையில் செய்தி.

நாக்பூர் வெயில் உங்கள் நீர்யானை.

அம்மா நீர்யானை அல்ல. ஆனால் அவர் தனியாகிவிடுவார் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்களே தவிர, அவர் என்ன சொல்கிறார் என்று எங்கும் இல்லை. அவருக்கும் சேர்த்து நீங்களே யோசித்து முடித்துவிட்டீர்கள் போலிருக்கிறது. பாசம்தான், புரிகிறது. இன்றைக்குச் சாப்பிடும்போது கேட்டுவிடுங்கள்.

நல்லவிதமாகப் பயன்படுத்த வழி கேட்டீர்கள். அது உங்கள் மேசையிலேயே இருக்கிறது. வில்லங்கச் சான்றிதழில் நடுவே இரண்டு வருடம் ஏன் விடுபட்டிருக்கிறது, பாகப்பத்திரத்தில் ஒரு மகளின் கையெழுத்து எங்கே என்று ஒன்றுக்குப் பத்தாகச் சந்தேகப்படும் ஆள்தான் கடன் பிரிவுக்கு வேண்டும். அங்கே யோசியுங்கள், சம்பளம் கொடுக்கிறார்கள். சதுரங்கக்காரர்களும் எதிராளியின் தொடக்க ஆட்டங்களை வீட்டில் மாதக்கணக்கில் நோண்டுகிறார்கள். பலகை முன்னால் உட்கார்ந்தபிறகு அதற்கு இடமில்லை.

மற்றதற்கு, அமெரிக்க உளவியலாளர் தாமஸ் போர்க்கோவெக்கும் சகாக்களும் 1983இல் வெளியிட்ட ஒரு முறை இருக்கிறது. தினமும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்பட வேண்டும். மற்ற நேரத்தில் தலைகாட்டும் கவலையை அந்த அரை மணிக்குத் தள்ளிப்போட வேண்டும். கட்டில் வேண்டாம், சமையலறை ஸ்டூல் போதும். நோட்டில் எழுதுங்கள். அலாரம் அடித்தால் வாக்கியம் பாதியில் நின்றாலும் எழுந்துவிடுங்கள். பதவி உயர்வுக்கு, வங்கி கொடுத்த தேதியைத் தேடியெடுத்து, அதற்கு மூன்று நாள் முன்னதாக உங்கள் கொடி விழும் என்று வைத்துக்கொள்ளுங்கள். போவதா, இருப்பதா என்று எனக்குத் தெரியாது. இரண்டும் ஆடக்கூடிய நகர்த்தல்தான்.

வாரக்கணக்கில் தூக்கமும் சாப்பாடும் போய்விட்டதென்றால் சதுரங்கம் பேசும் ஆளிடம் வராதீர்கள். மருத்துவரைப் பாருங்கள், அரசின் 14416 என்ற இலவச மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

முதல் மின்னஞ்சலுக்குப் பின்னால், 'தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்' என்ற தலைப்பில் இரண்டு விளக்கங்கள் அனுப்பியிருக்கிறீர்கள். அவற்றை நான் திறக்கவில்லை. முதலாவதே தெளிவாகத்தான் இருந்தது.

அன்புடன்.