முன்கையில் டேப் ஒட்டினால் பிடி வலு ஏறுமா? கேள்வி பதில்

தண்டையார்பேட்டையில் பிசியோதெரபி பார்க்கிறேன். கையில் ஒட்டும் எலாஸ்டிக் டேப் பற்றிக் கொஞ்ச நாளாக நிறைய பேர் கேட்கிறீர்கள். வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

அண்ணே, காசிமேட்டுல போட்டுக்குப் போறேன். வலை இழுக்குறப்ப கயிறு கையில நிக்க மாட்டேங்குது. கூட வர்ற பையன் நீலக்கலர் டேப் ஒட்டினு வர்றான். அதை ஒட்டினா புடி ஏறுமா?

தம்பி, முதலில் ஒன்று சொல். கயிறைப் பிடிக்கும்போது வலிக்கிறதா, வலி இல்லாமலே நழுவுகிறதா? வலி இல்லாத கையில் இந்த டேப்பை ஒட்டினால் பிடி வலு ஏறாது. 2010இல் தைவானில் கல்லூரி விளையாட்டு வீரர்களை வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். முறைப்படி டேப் ஒட்டி ஒரு தடவை, பேருக்கு ஒட்டி ஒரு தடவை, ஒட்டாமல் ஒரு தடவை என்று பிடி வலுவை அளக்கும் மீட்டரை அழுத்தச் சொன்னார்கள். முழு பலத்தோடு அழுத்தியதில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை.

ஒட்டியதும் கை திடமாக இருக்கிற மாதிரி தோன்றுவது உண்மைதான். தோலை டேப் லேசாக இழுத்துப் பிடிப்பதால் அந்த இடத்தில் உணர்வு கூடுகிறது. அதைப் பலம் என்று நினைத்து, வழக்கத்தைவிட அதிகப் பாரம் இழுக்காதே. வலி இருக்கிறது என்றால் கதை வேறு. அடுத்தடுத்த பதில்களைப் படி.

சார், நான் கேரம் ஆடுறேன், வண்ணாரப்பேட்டை. அதே சோதனையில டேப் போட்டவங்களுக்கு "ஃபோர்ஸ் கன்ட்ரோல்" நல்லா வந்துச்சுன்னு படிச்சேன். ஸ்ட்ரைக்கருக்கு உதவுமா?

சரியாகத்தான் படித்திருக்கிறீர்கள். பாதி பலம் போடச் சொன்னால் அந்தப் பாதியைக் கணித்துப் போடுவது டேப் ஒட்டியபோது மேம்பட்டது. ஆனால் அது உள்ளங்கையை மூடி அழுத்தும் பிடி. ஸ்ட்ரைக்கரைத் தட்டுவது விரலை நீட்டிச் சுண்டும் வேலை, அதற்கு வேறு தசை. ஒன்றில் கிடைத்த பலனை இன்னொன்றுக்கு ஏற்றிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2024இல் அமெரிக்காவில் நடந்த கேரம் உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா உங்கள் பக்கத்துப் பெண்தான். அந்த விரல் பலகையில் பழகிய விரல்.

அண்ணா, கார்மென்ட்ஸ்ல கட்டிங் வேலை பண்றேன். கத்திரி புடிச்சா முழங்கை வெளிப்பக்க எலும்புகிட்ட உயிர் போற வலி. டீ டம்ளரைக்கூட ஒரு கையில தூக்க முடியல. கையில பலமே போயிடுச்சோன்னு பயமா இருக்கு.

பயப்படாதேம்மா. நீ சொல்வதை வைத்துப் பார்த்தால் டென்னிஸ் எல்போ, அதாவது முழங்கை வெளிப்பக்கத் தசைநாரில் வரும் வலி மாதிரி இருக்கிறது. டென்னிஸ் ஆடாதவர்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது. துணி வெட்டுபவர்கள், பெயின்டர்கள், ஸ்பேனர் பிடிப்பவர்கள் என்று என்னிடம் வருகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான்.

பிடிப்பது உள்ளங்கையில், வலிப்பது முழங்கையில் ஏன் என்று கேட்பாய். இப்போதே செய்து பார். மணிக்கட்டை உள்பக்கமாக முழுசாக மடக்கிக்கொண்டு ஒரு பேனாவை இறுக்கிப் பிடி. பிடி வராது, பக்கத்தில் இருப்பவர் சுலபமாக உருவி எடுத்துவிடுவார். இப்போது மணிக்கட்டைக் கொஞ்சம் மேல்பக்கமாக நிமிர்த்திப் பிடி, பேனா அசையாது. ஆக, விரல்கள் மூடும்போதெல்லாம் மணிக்கட்டு மடங்கிவிடாமல் பின்பக்கத் தசைகள் இழுத்து நிறுத்த வேண்டும். அந்தத் தசைகள் கிளம்பும் இடம்தான் உனக்கு வலிக்கிற அந்த எலும்பு முனை. கத்திரியின் ஒவ்வொரு வெட்டுக்கும் அந்த முனை இழுபடுகிறது. வலி வந்ததும் மூளை பிடியைத் தளர்த்திவிடுகிறது. உன் பலம் எங்கேயும் போகவில்லை, வலி அதை வெளியே விடவில்லை.

இந்த மாதிரிக் கைக்கு டேப் உதவலாம். சிலருக்கு வலி கொஞ்சம் குறையும், குறைந்த அளவுக்குப் பிடி திரும்பும். எல்லாருக்கும் அப்படி இல்லை. ஒட்டிய அன்றே வித்தியாசம் தெரியவில்லை என்றால் காசைக் கொட்ட வேண்டாம்.

ஆனால் டேப்போடு நின்றுவிடாதே, தசைநாருக்குப் பயிற்சி வேண்டும். முன்கையை மேசையில் வைத்து, உள்ளங்கை கீழே பார்க்க, மணிக்கட்டு மேசைக்கு வெளியே இருக்கட்டும். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள். இன்னொரு கையால் மேலே தூக்கிவிட்டு, மெதுவாக, ரொம்ப மெதுவாக இறக்கு. லேசான வலி பரவாயில்லை, மறுநாள் வரை நீடித்தால் பாரத்தைக் குறை. பலன் தெரிய வாரக்கணக்கில் ஆகும். சூப்பர்வைசரிடம் சொல்லிக் கத்திரியைச் சாணை பிடிக்க வை. மொண்ணைக் கத்திரியில் நீ போடுகிற கூடுதல் அழுத்தம் முழுக்க அந்த எலும்பு முனையில்தான் போய் விழுகிறது.

மேலே சொன்ன வலிக்கு எப்படி ஒட்டணும்? எங்க ஊட்ல நானே ஒட்டிக்கலாமா?

முதல் முறை தெரிந்தவரிடம் ஒட்டிக்கொண்டு பார்த்துப் பழகுங்கள். தேங்காய் எண்ணெய், வியர்வை, பவுடர் எதுவும் இல்லாமல் சோப்புப் போட்டுக் கழுவித் துடைக்க வேண்டும். முடி அதிகம் இருந்தால் மழித்துவிடுங்கள். டேப்பின் நான்கு மூலையையும் வட்டமாக வெட்டினால் சட்டையில் மாட்டி உரியாது.

முழங்கையை நீட்டி, மணிக்கட்டைக் கீழே மடக்கி வைத்தபடி ஒட்டுவது முக்கியம். புறங்கைக்கு மேலே மணிக்கட்டில் ஆரம்பித்து முன்கையின் பின்பக்கமாக முழங்கை எலும்பு முனையைத் தாண்டிக் கொண்டுபோங்கள். இரண்டு முனையிலும் சுமார் இரண்டு விரல் நீளத்துக்கு இழுக்கவே கூடாது. நடுவில் லேசாக இழுத்தால் போதும். நம் ஆட்கள் கட்டுப் போடுகிற மாதிரி இழுத்து ஒட்டுகிறார்கள், தோல் கொப்புளித்துப் போகிறது. ஒட்டியபின் உள்ளங்கையால் தேய்த்துச் சூடேற்றுங்கள், அந்தச் சூட்டில்தான் பசை பிடிக்கும். வேலைக்குக் கிளம்ப ஒரு மணி நேரம் முன்னாலேயே ஒட்டிவிடுங்கள். மூன்று நாள் தாங்கும். மே மாத வெயிலில் ஒரே நாளில் ஓரம் கிளம்பினாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

கறுப்பு டேப்புக்குப் பவர் அதிகம்னு கடைக்காரர் சொல்றார்.

இல்லை. நிறம் மட்டும்தான் வேறு.

வயசு 52, சுகர் இருக்கு. ராத்திரி தூக்கத்துல கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதர்றேன். சாவி திருப்ப முடியல. டேப் ஒட்டலாமா?

அக்கா, டேப் வேண்டாம், முதலில் டாக்டரைப் பாருங்கள். நீங்கள் சொல்லும் மூன்று விரலும் மணிக்கட்டு வழியாகப் போகும் ஒரே நரம்புக்கு உட்பட்டவை. அந்த நரம்பு நெருக்கப்பட்டால் இப்படித்தான் இரவில் எழுப்பும், சர்க்கரை உள்ளவர்களுக்கு அதிகம் வரும். கட்டைவிரல் அடியில் உள்ள சதை மேடு இளைத்திருக்கிறதா என்று இரண்டு கையையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இளைத்திருந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம். ராயபுரம் பக்கம் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது, அங்கே போங்கள். அதுவரை இரவில் மணிக்கட்டு மடங்காமல் வைக்கும் ஸ்ப்ளின்ட் போட்டுத் தூங்குங்கள்.

இதைப் படிக்கிற எல்லாருக்கும் ஒன்று: ஒரு கையில் பிடி திடீரென்று விட்டுப்போய், கூடவே வாய் கோணினாலோ பேச்சு குழறினாலோ அது பக்கவாதமாக இருக்கலாம். கையைத் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள். உடனே 108ஐக் கூப்பிடுங்கள்.

கெளுத்தி முள்ளு குத்தி கை வீங்கிக்கீது. வீக்கத்துக்கு இந்த டேப் நல்லதுன்னு சொன்னாங்க.

ஒட்டவே ஒட்டாதே. முள் குத்தி வீங்கிய கையில் சீழ் பிடித்துத் தசைநார் உறை வரை போனால் விரலே மடங்காமல் போய்விடும். இன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போ. காயம், சொறி, தோல் சிவந்த இடம் எதன் மேலும் டேப் கூடாது.

ப்ரோ, ஜிம்ல டெட்லிஃப்ட் அடிக்கிறப்ப கிரிப் விட்டுடுது. டேப் பெஸ்ட்டா, ஸ்ட்ராப் பெஸ்ட்டா?

ஸ்ட்ராப் என்பது மணிக்கட்டையும் கம்பியையும் சேர்த்துச் சுற்றும் பட்டை. அது பாரத்தைத் தாங்கும், டேப் தாங்காது. ஆனால் எல்லா செட்டிலும் ஸ்ட்ராப் கட்டினால் பிடி எப்போது வளரும்? லேசான செட்களை வெறுங்கையில் அடி. கடைசி செட் முடிந்ததும் கம்பியைக் கீழே வைக்காமல், முடிந்தவரை பிடித்தபடி நில்.

அப்பாவுக்கு 71. பாட்டில் மூடியைத் திறக்க முடியல. வலி எதுவும் இல்ல. டேப் வாங்கித் தரவா?

வேண்டாம்மா. வலி இல்லாமல் பிடி குறைவது பெரும்பாலும் உடம்பு முழுக்கத் தசை குறைவதன் அறிகுறி. ஆசியர்களுக்கென்று 2019இல் வகுத்த அளவுப்படி, பிடி மீட்டரில் ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே போனால் குறைவு என்று கணக்கு. ஒருமுறை அளந்து பாருங்கள். டேப் வாங்கும் காசுக்கு முட்டையும் மீனும் வாங்கிக் கொடு. கிட்னிக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுக்கொள். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காரச் சொல், ஈரத் துண்டைப் பிழியச் சொல், இரண்டு கையிலும் பாதி நிரம்பிய வாளியைத் தூக்கி நடைபாதையில் கொஞ்சம் நடக்கச் சொல். தண்ணி லாரி வரும் நாளில் அவசரத்தில் நிறைக் குடம் தூக்க மட்டும் விடாதே.

டேப்பை உரிச்சா தோலோட வருது. அரிக்குது.

அரிக்க ஆரம்பித்ததுமே கழற்ற வேண்டும், மூன்று நாள் கணக்குப் பார்க்க வேண்டாம். சரக்கென்று இழுக்காதீர்கள். தேங்காய் எண்ணெயை டேப் மேல் நன்றாக ஊறவிட்டுப் பத்து நிமிடம் கழித்து, முடி வளரும் திசையில், ஒரு கையால் தோலைக் கீழே அழுத்திக்கொண்டு மெதுவாகச் சுருட்டி எடுங்கள். அடுத்த தடவை ஒட்டுமுன் சின்னத் துண்டு ஒன்றை முன்கையின் உள்பக்கம் ஒட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்கள். அதற்கும் அரித்தால் அந்தப் பசை உங்கள் தோலுக்கு ஆகாது.