நான்கு நாள் மூணாறு, பன்னிரண்டு மாதத் தவணை

கேள்வி: வணக்கம் ஐயா. நானும் என் கணவரும் திருப்பூரில் வசிக்கிறோம். நான் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். கைக்கு வரும் சம்பளம் 24,000 ரூபாய். கணவருக்கு 38,000 ரூபாய். வாடகை, வீட்டுச் செலவு, பைக் தவணை, இரு வீட்டுப் பெற்றோருக்கும் கொடுப்பது, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் 5,000 ரூபாய் எஸ்ஐபி எல்லாம் சேர்த்து 49,000 ரூபாய் போய்விடும். வங்கிக் கணக்கில் 85,000 ரூபாய் இருக்கிறது. வீட்டு அட்வான்ஸுக்காகச் சென்ற ஏப்ரலில் 60,000 ரூபாய்க்கு நகைக்கடன் வாங்கினோம், வட்டி 9.5 சதவீதம், ஓராண்டுக் கெடு.

பிப்ரவரி கடைசி வாரத்தில் எங்கள் முதல் திருமண நாள். கல்யாணச் செலவில் அப்போது எங்கும் போக முடியவில்லை என்பதால், இந்த முறை நான்கு நாள் மூணாறு சென்று வரையாடு பார்த்து, கொழுக்குமலையில் சூரிய உதயம் கண்டு, ஜிப்லைன் போன்ற சாகசங்களும் செய்துவிட்டு வரலாம் என்று ஆசைப்படுகிறோம். ஒரு பயண முகவர் இருவருக்கும் சேர்த்து 48,000 ரூபாய்க்கு பேக்கேஜ் கொடுக்கிறார். கிரெடிட் கார்டில் 12 மாத ‘நோ காஸ்ட் இஎம்ஐ’, மாதம் 4,000 ரூபாய். வட்டியே இல்லையே, எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் கணவர். கையிலிருக்கும் சேமிப்பிலிருந்தே கொடுத்துவிடலாம் என்பது என் எண்ணம். எது சரி? கணவர் நிறுவனத்தின் மருத்துவக் காப்பீட்டில் என் பெயரை இன்னும் சேர்க்கவில்லை. சாகச விளையாட்டுக்கு அது தேவைப்படுமா என்பதையும் சொல்லுங்கள்.

பதில்: வணக்கம். பயணமே வேண்டாம் என்று நான் சொல்லப்போவதில்லை. மாதம் 13,000 ரூபாய் மிச்சம் பிடிக்கக்கூடிய குடும்பம் ஆண்டுக்கு ஒருமுறை 30,000 ரூபாய் செலவழித்து மலைக்குப் போய்வருவது ஊதாரித்தனம் ஆகாது. ஆனால் நீங்கள் கேட்ட இரண்டு வழிகளையும் விட்டு, பயணத்தைச் செப்டம்பருக்குத் தள்ளிவைக்கச் சொல்வேன். அதற்குப் பணம் ஒரு காரணம் என்றால், நீங்கள் பார்க்க விரும்பும் வரையாடு இன்னொரு காரணம்.

வரையாட்டை அருகிலிருந்து பார்க்க ஏற்ற இடம் இரவிகுளம் தேசியப் பூங்காவின் ராஜமலைப் பகுதி. வரையாடுகள் குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அந்தப் பூங்காவைச் சுற்றுலாப் பயணிகளுக்கு மூடிவிடுவார்கள். உங்கள் திருமண நாள் சரியாக அந்த இடைவெளியில் விழுகிறது. அதே பருவத்தில்தான் மேற்குத் தொடர்ச்சி மலையின் புல்வெளிகள் காய்ந்து, காட்டுத்தீ பயமும் தொடங்குகிறது. 2018 மார்ச்சில் கொழுக்குமலைக்குக் கீழே குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறச் சென்றவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நீர்வீழ்ச்சிகளும் அப்போது மெலிந்திருக்கும். ஆக, முகவர் விற்கும் பிப்ரவரி பேக்கேஜில் ரிசார்ட் அறை மட்டுமே முழுதாகக் கிடைக்கும். ராஜமலை திறந்திருக்கும் என்று அவர் எழுத்தில் உறுதி தருகிறாரா என்று கேட்டுப் பாருங்கள். பதிலிலேயே அவருடைய தரம் தெரிந்துவிடும்.

இனி அந்த ‘நோ காஸ்ட்’ தவணைக்கு வருவோம். வங்கி எவருக்கும் வட்டியில்லாமல் பணம் தருவதில்லை. இத்தகைய திட்டங்களில் நடப்பது என்னவென்றால், விற்பவர் வட்டிக்குச் சமமான தொகையை விலையில் தள்ளுபடியாகக் கழித்துவிடுகிறார்; மீதித் தொகைக்கு வங்கி உங்களிடம் வட்டி வசூலிக்கிறது; இரண்டும் சேர்ந்து பழைய விலையாகத் தெரிகிறது. வங்கியின் வட்டி ஆண்டுக்கு 15 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 12 மாதம் 4,000 ரூபாய் கட்டுவதற்கான அசல் ஏறத்தாழ 44,300 ரூபாய்தான். மீதி 3,700 ரூபாய் வட்டி. அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி, அது சுமார் 660 ரூபாய். பிராசஸிங் கட்டணமும் அதற்கான ஜிஎஸ்டியும் அதற்கு மேல். இதிலிருந்து உங்களுக்குக் கிடைக்கும் பயனுள்ள செய்தி ஒன்று உண்டு: தவணைக்காக 3,700 ரூபாயை விட்டுக்கொடுக்க முடிகிற முகவரிடம், மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் தருபவர் அந்தத் தள்ளுபடியைத் தாராளமாகக் கேட்கலாம்.

நேர்மையாகச் சொன்னால், நான்காயிரத்துச் சொச்ச ரூபாய் உங்கள் குடும்பத்தைக் கவிழ்த்துவிடாது. எனக்குக் கவலை தருவது வேறு. தவணைத் தொகை கார்டின் மாதாந்தரப் பில்லில்தான் வரும். ஏதோ ஒரு மாதம் பில் முழுவதையும் கட்ட முடியாமல் ‘குறைந்தபட்சத் தொகை’ மட்டும் கட்டினால், மீதிக்கும், அதன் பிறகு அந்தக் கார்டில் வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட வட்டியில்லாக் காலச் சலுகை போய்விடும். பல கார்டுகளில் அந்த வட்டி மாதம் 3.5 சதவீதத்தை ஒட்டி இருக்கிறது. ஆண்டுக்கு 40 சதவீதத்தைத் தாண்டும். அப்படி ஒரு நெருக்கடியான மாதம் உங்களுக்கு வருமா என்றால், தேதி குறித்தே வைத்திருக்கிறீர்கள்: ஏப்ரல்.

உங்கள் கேள்வியில் ஒரு வரியில் கடந்துபோன அந்த நகைக்கடன்தான், என் பார்வையில், இந்தக் கணக்கின் நடுப்புள்ளி. கெடு முடியும்போது அசல் 60,000, வட்டி 5,700 என மொத்தம் 65,700 ரூபாய் கட்ட வேண்டும். முன்பெல்லாம் வட்டியை மட்டும் கட்டிவிட்டு நகையை அப்படியே மாற்றி வைத்துக்கொள்வார்கள். அசலையும் வட்டியையும் முழுதாகக் கட்டிய பிறகே மீண்டும் அடகு வைக்க முடியும் என்று சொல்லும் வங்கிகளும் உண்டு. அப்படிப்பட்ட வங்கியில் ஒரு நாளைக்காவது முழுத்தொகையும் கையில் இருக்க வேண்டும். இல்லாதவர்கள் வெளியே அந்த ஒரு நாளுக்குக் கைமாற்று வாங்கி அலைவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். நீங்கள் நினைப்பதுபோல் 85,000 ரூபாய் சேமிப்பிலிருந்து 48,000 ரூபாயை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 37,000. ஏப்ரல் வரை மாதம் 13,000 வீதம் சேர்த்தாலும் நகையை மீட்டபின் கணக்கில் இருபத்து மூன்றாயிரம்தான் இருக்கும்; அது உங்கள் பதினைந்து நாள் செலவுக்குச் சற்றுக் குறைவு, அவ்வளவே. வட்டி மிச்சமாகிறது என்ற அளவில் உங்கள் வழி கணவர் வழியைவிட மேல். ஆனால் இருவரில் ஒருவருக்கு வேலை போனாலோ, பெற்றோரில் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தாலோ மீட்ட நகை மறுபடியும் வங்கிக்குத்தான் போகும்.

நான் சொல்லும் ஏற்பாடு இது. சேமிப்பைத் தொடாதீர்கள். பிப்ரவரி முதல், இஎம்ஐ கட்டுவதாகவே நினைத்துக்கொண்டு, அதே 4,000 ரூபாயை மாதாமாதம் தனியாக ஒதுக்குங்கள். செப்டம்பர் வரை எட்டு மாதத்தில் 32,000 ரூபாய் ஆகும். குறுகிய காலப் பணத்துக்கான மியூச்சுவல் ஃபண்டான லிக்விட் ஃபண்டில் போட்டால் சுமார் 700 ரூபாய் கூடுதலாகச் சேரலாம். அது வேண்டாமென்றால், யுபிஐ செயலியோடு இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கில் போட்டாலும் போதும். இவ்வளவு குறுகிய காலத்துக்கு வருமானத்தைவிடக் கைபடாமல் இருப்பதுதான் முக்கியம். அஞ்சலகத் தொடர் வைப்பு இதற்கு ஏற்றதல்ல, அது ஐந்தாண்டுக் கணக்கு. எஸ்ஐபியை நிறுத்தவும் தேவையில்லை. மீதி 9,000 ரூபாய் சேமிப்பிலேயே சேரட்டும். ஜனவரி மிச்சத்தையும் சேர்த்தால் ஏப்ரல் முடிவில் கணக்கில் 1,25,000 ரூபாய் இருக்கும். 65,700 ரூபாய் கட்டி நகையை அடியோடு மீட்டுவிடுங்கள், திரும்ப வைக்க வேண்டாம். அதன் பிறகும் 59,300 ரூபாய் கையில் இருக்கும். செப்டம்பர் இறுதியில் அது ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும்.

32,000 ரூபாயில் மூணாறா என்று கேட்பீர்கள். 48,000 ரூபாய் பேக்கேஜில் பெரும்பங்கு, மூன்று இரவு ரிசார்ட்டுக்கும் நான்கு நாளும் உங்களுக்காகவே காத்திருக்கும் காருக்கும் போகிறது. நீங்கள் ஆசைப்பட்ட மலையும் ஆடும் உதயமும் அதில் சிறிய பங்குதான். ஓணம் விடுமுறை முடிந்து ஆயுத பூஜை விடுமுறை தொடங்கும் முன், வார நாட்களில் போனால் அறை வாடகை இறங்கியிருக்கும். மழையின் வேகம் தணிந்தும் அருவிகளில் தண்ணீர் குறையாத காலம் அது. திருப்பூரிலிருந்து உடுமலை போய், அங்கிருந்து சின்னார், மறையூர் வழியாக மூணாறு செல்லும் பேருந்தில் பகலில் ஏறுங்கள். காட்டின் நடுவே செல்லும் அந்தச் சாலையே பயணத்தின் முதல் காட்சி. மறையூரின் சந்தனக் காட்டையும் லக்கம் அருவியையும் கடந்துதான் தேயிலைத் தோட்டங்களுக்குள் நுழைவீர்கள். பேருந்துக்கு இருவருக்கும் போக வர 1,200 ரூபாய் ஒதுக்கலாம்.

முதல் இரவு மூணாறிலும், இரண்டாம் இரவு சூரியநெல்லியிலும் 2,500 ரூபாய் அளவில் எளிய ஹோம்ஸ்டே போதும். கொழுக்குமலை ஜீப் விடியலுக்கு வெகு முன்னரே கிளம்பும் என்பதால் அந்த இரண்டாம் இரவில் நல்ல அறைக்குப் பணம் கொடுப்பது வீண்; நீங்கள் அதில் உறங்கப்போவதே சில மணி நேரம்தான். உதயம் பார்த்துத் திரும்பிய மூன்றாம் நாள், சின்னக்கானல் பக்கம் 6,000 ரூபாயில் பால்கனியுள்ள அறை எடுத்துக்கொள்ளுங்கள். திருமண நாளுக்கான ஆடம்பரம் அந்த ஓர் இரவில் இருக்கட்டும். 5 சதவீத ஜிஎஸ்டியோடு மூன்று இரவும் 11,550 ரூபாய். இங்கே ஒன்றைக் கவனியுங்கள்: ஒரு நாள் வாடகை 7,500 ரூபாய் வரை இருந்தால் ஜிஎஸ்டி 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18 சதவீதம். 7,500 ரூபாய் அறைக்கு 7,875 ரூபாய் கொடுத்தால் முடிந்தது. 7,600 ரூபாய் அறைக்கு 8,968 ரூபாய் ஆகும்.

கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப் பாதை கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்துதான். கரடுமுரடான அந்தப் பாதையில் உள்ளூர் ஜீப்புகளே போகும். கட்டணம் ஜீப்புக்குத்தான், தலைக்கு அல்ல. தனியாகப் போனால் 3,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்குமிடத்தில் சொல்லிவைத்து இன்னொரு குடும்பத்தோடு பகிர்ந்தால் அது பாதியாகும். மேகம் மூடி உதயம் தெரியாமல் போனாலும் அந்தப் பணம் திரும்ப வராது என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூரில் சுற்ற ஆட்டோ, டாக்சிக்கு 5,000, ராஜமலை போன்ற இடங்களின் நுழைவுக்கு 1,000, நான்கு நாள் சாப்பாட்டுக்கு 6,000. எல்லாம் சேர்த்து 28,250 ரூபாய். மீதமுள்ள 3,750 ரூபாயில் ஜிப்லைனும் மறையூர் வெல்லமும் அடங்கும். இவை என் மதிப்பீடுகள். முன்பதிவு செய்யும்போது அன்றைய கட்டணத்தை விசாரித்துக்கொள்ளுங்கள். இடுக்கி மாவட்டத்தில் கனமழை எச்சரிக்கை வந்தால் ஜீப் பயணத்துக்கும் மலைச்சாலைப் போக்குவரத்துக்கும் தடை வரக்கூடும். அதனால் ரத்து செய்தால் பணம் திரும்பும் அறைகளையே பதிவு செய்யுங்கள், நூறு இருநூறு ரூபாய் கூடுதலானாலும் சரி.

காப்பீடு பற்றி நீங்கள் கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நானாக இருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். சாகச விளையாட்டில் அடிபட்டால் மருத்துவக் காப்பீடு கிடைக்காது என்ற பேச்சு பரவலாக இருக்கிறது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் தனிநபர் மருத்துவப் பாலிசிகளுக்கு வகுத்திருக்கும் பொது விலக்கு வாசகம், பாறையேற்றம், மலையேற்றம், ராஃப்டிங் போன்றவற்றில் ‘தொழில்முறையாக’ ஈடுபடுவோரின் சிகிச்சையைத்தான் விலக்குகிறது. விடுமுறையில் ஒருமுறை ஜிப்லைனில் போகும் பயணி அந்த விலக்கில் வரமாட்டார். நிறுவனங்களின் குரூப் பாலிசி நிபந்தனைகள் சற்று மாறலாம் என்பதால் மனிதவளப் பிரிவிடம் பாலிசி நகலைக் கேட்டு வாசியுங்கள். விபத்துக் காப்பீடு வேறு வகை. அதில் சாகச விளையாட்டை முழுமையாக விலக்கும் பாலிசிகள் உண்டு.

ஆனால் பாலிசியில் உங்கள் பெயரே இல்லாதபோது எந்த வாசகமும் உதவாது. உங்கள் சம்பளம் தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயின் வரம்பான 21,000 ரூபாயைத் தாண்டியிருந்தால் அந்தப் பாதுகாப்பும் இருக்காது. திருமணமான உடன் குறிப்பிட்ட நாட்களுக்குள் துணையின் பெயரைச் சேர்க்கப் பெரும்பாலான நிறுவனங்கள் வாய்ப்பளிக்கும்; அதைத் தவறவிட்டால் அடுத்த புதுப்பித்தல் வரை காத்திருக்க வேண்டும். உங்கள் கணவர் இந்த வாரமே புதுப்பித்தல் தேதியை விசாரிக்கட்டும். இருவரும் வங்கிக் கணக்கு வழியாகப் பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்திலும் சேர்ந்துகொள்ளுங்கள். ஆண்டுக்கு 20 ரூபாயில் 2 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடு.

திருமண நாளன்று சும்மா இருக்கச் சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். பைக் இருக்கிறது. காலையில் கிளம்பி உடுமலைக்கு அப்பால் திருமூர்த்தி மலைக்கும், அமராவதி அணையின் முதலைப் பண்ணைக்கும் போய்விட்டு இருட்டுவதற்குள் வீடு திரும்பிவிடலாம். பெட்ரோல், சாப்பாடு எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய்க்குள் அடங்கும். பிப்ரவரியில் பஞ்சலிங்க அருவியில் தண்ணீர் குறைவாகத்தான் இருக்கும், குளிக்கும் எண்ணத்தோடு போகாதீர்கள்.